கல்வாழைக்குத் தண்ணீர் ஊற்றியது யார்

என் நாத்தனார் ஒரு வீட்டுக்குள் வந்தால் முதலில் மனிதர்களைப் பார்க்க மாட்டாள், சுவரைத்தான் பார்ப்பாள். உள்ளங்கையை விரித்து அதன்மேல் வைத்து, நாடி பிடிக்கிற வைத்தியர் மாதிரிக் கண்ணை மூடிக்கொள்வாள். அதற்கப்புறம்தான், "அண்ணி, எப்படி இருக்கீங்க?" என்று வாய் திறக்கும். அதற்குள் நான் கொத்தனார் கூலியைக் கணக்குப் போட்டிருப்பேன், சுவருக்கு என்ன வியாதி சொல்லப் போகிறாளோ என்று.

அரசாங்கத்தின் அணைப் பாதுகாப்புப் பிரிவில் அவள் ஆய்வுப் பொறியாளர். ஊர் ஊராகப் போய் அணைகளைச் சுற்றி நடந்து, எது எப்படி இருக்கிறது, எதற்கு என்ன செய்ய வேண்டும் என்று சொல்கிற வேலை. அவளுக்குக் 'கசிவு' என்று பெயர் வைத்தது அவளுடைய அண்ணன், அதாவது என் வீட்டுக்காரர். சின்னப் பெண்ணாக இருந்தபோதே அடுத்த தெருவில் குழாய் சொட்டினால் இவள் தூக்கத்தில் புரண்டு படுப்பாளாம். பள்ளிக்கூடத்துத் தண்ணீர்த் தொட்டியில் மயிரிழை விரிசல் விழுந்த அன்றைக்கு இவளுக்குக் காய்ச்சல் வந்ததாம். நான் நம்புகிறேன். நம்பாதவர்கள் தங்கள் வீட்டுக்கு அவளை ஒரு வேளை சாப்பாட்டுக்குக் கூப்பிட்டுப் பார்க்கட்டும்.

அவள் கல்யாணமே ஒரு சுவரால் நடந்ததுதான். வாடகைக்கு வீடு பார்க்கப் போன இடத்தில் வழக்கம்போலச் சுவரில் காதை வைத்திருக்கிறாள். உள்ளே எங்கேயோ 'சொட் சொட்' என்று சத்தம். "குழாய் உடைஞ்சிருக்கு" என்று இவள் தனக்குத்தானே சொல்ல, சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஓர் ஆண் குரல், "ஆமாங்க, நானும் அதைத்தான் கேட்டுக்கிட்டு இருக்கேன்" என்றது. பக்கத்து வீட்டுக்காரர். அவரும் காதை வைத்துக்கொண்டு நின்றிருக்கிறார். இப்படி ஒரு ஜோடியைப் பிரித்து வைக்க யாருக்கு மனசு வரும்? குழாயைச் சரி செய்தார்கள், கல்யாணம் செய்துகொண்டார்கள். இன்றைக்கும் அவர்களுக்குள் சண்டை வந்தால் ஆளுக்கொரு பக்கம் சுவரில் காதை வைத்துக்கொள்வார்கள் என்று கேள்வி.

இனி அணைக்கு வருகிறேன்.

எங்கள் தெரு முடிகிற இடத்தில் ஒரு மண் அணை இருக்கிறது. மலைமேல் நிற்கிற கல்கோட்டை மாதிரி எதையும் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். மண்ணைக் குவித்து, இறுக்கி, ஏரிப் பக்கம் கல் பதித்து, ஊர்ப் பக்கம் புல் வளர்த்த நீளமான மேடு. அதைக் கட்டிய காலத்தில் கீழே வயல்களும் சில ஆடுகளும்தான் இருந்தன. இப்போது அதே இடத்தில் பள்ளிக்கூடம், பிரசவ ஆஸ்பத்திரி, வரிசை வரிசையாகத் தெருக்கள், அதில் எங்கள் வீடு. என் சமையலறை ஜன்னலைத் திறந்தால் அணையின் சரிவு பச்சைத் திரை போட்டதுபோல் நிற்கும். ஆடுகள் எங்கே போயின என்று தெரியவில்லை. நாங்கள் வந்துவிட்டோம்.

காலையில் அணைமேல் நடப்பவர்கள் சேர்ந்து ஒரு சங்கம் வைத்திருக்கிறார்கள். தலைவர், என் வீட்டுக்காரர். பேருந்துப் பணிமனையில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு உடம்புக்குத்தானே தவிரக் குரலுக்கு இல்லை. செயலாளர், தெரு முக்கில் இருக்கிற மருந்துக்கடைக்காரர். இரண்டு பேரும் சேர்ந்து அணையின் காலடியில் ஒரு தோட்டம் போட்டார்கள். பெஞ்சுகளைச் சுற்றி ரோஜா. சரிவு தரையைத் தொடுகிற இடம் நெடுகக் கல்வாழை.

அந்தக் கல்வாழையைப் பற்றி அடக்கமாகச் சொல்ல எனக்கு வராது. மற்ற இடங்களில் அது இடுப்பளவு வளரும். இங்கே நிமிர்ந்து பூவைப் பார்த்தால் தலைத் தொப்பி பின்னால் விழும். ஒரு முறை காணாமல் போன தெரு நாய் ஒன்று அந்தப் புதருக்குள்ளிருந்து மனைவி, பிள்ளைகளோடு வெளியே வந்தது. பக்கத்து ஊர்களிலிருந்து ஆட்கள் வந்து கிழங்கு கேட்டு வாங்கிக்கொண்டு போவார்கள். அங்கே வைத்தால் சோனியாகத்தான் வளரும். "எல்லாம் நம்ம கைராசி" என்று என் வீட்டுக்காரர் மீசையைத் தடவிக்கொள்வார். தினமும் காலையில் சங்கத்தார் குழாயைத் திறந்து தண்ணீர் பீய்ச்சுவார்கள். அணையைப் பார்க்க வருகிற அதிகாரிகளும், "என்ன, கீழே ஈரமா இருக்கு?" என்று கேட்பார்கள். "தோட்டத்துக்குத் தண்ணி விட்டோம் சார்" என்று பதில் வரும். அவர்களும் பூவைப் பார்த்து இரண்டு வார்த்தை புகழ்ந்துவிட்டுப் போய்விடுவார்கள்.

இந்த அணை ஒரு நாள் என் நாத்தனாரின் பொறுப்பில் வந்தது. "எங்க அண்ணன் வீடு அதுக்குக் கீழேதான் சார் இருக்கு. வேற யாரையாவது போடுங்க" என்று அவளே போய் மேலதிகாரியிடம் சொல்லியிருக்கிறாள். "அப்போ நல்லாப் பார்ப்பீங்க" என்று அவர் அனுப்பிவிட்டார்.

அவள் செய்த முதல் காரியமே தெருவைப் பற்றவைத்தது. 'குறைந்த ஆபத்து' என்று இருந்த அணையை 'அதிக ஆபத்து' வகைக்கு மாற்றினாள். அணை வாசலில் புதுப் பலகை வந்தது. அன்றைக்கு என் வீட்டுக்காரர் சாப்பாட்டு மேஜையில் உட்காரவே இல்லை. நின்றுகொண்டே கத்தினார்.

"என் வீட்டுக்குள்ள கையை நீட்டி என்னையே அடிச்ச மாதிரி இருக்கு எனக்கு! ஒரு மேடு பள்ளம் உண்டா அந்த அணையில? ஒரு முள்செடி உண்டா? நாங்க தினம் காவல் காக்கிறோம். அதுக்கு ஃபெயில் மார்க் போட்டுட்டு வந்து என் வீட்டுல சோறு திங்கிற!"

அவள் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். "அண்ணா, மார்க்கு அணைக்கு இல்ல. நமக்கு."

"நமக்கு என்ன மார்க்கு?"

"அணை நல்லா இருக்கா இல்லையாங்கறது ஒரு கேள்வி. அது உடைஞ்சா கீழே யார் இருக்காங்கங்கறது வேற கேள்வி. பலகையில இருக்கறது இந்த ரெண்டாவது கேள்விக்குப் பதில். அணை அப்படியேதான் இருக்கு. அன்னிக்குக் கீழே ஆடு மேஞ்சுச்சு, இன்னிக்கு நீ மேயற."

எனக்குச் சிரிப்பு வந்து, குழம்புக் கரண்டியோடு சமையலறைக்குள் ஓடிவிட்டேன்.

"அப்போ அணை நல்லா இருக்குன்னு ஒத்துக்கிற!" என்று அவர் விடவில்லை.

"அதை இன்னும் நான் சொல்லலையே. அது முதல் கேள்வி. நாளைக்குப் பார்க்கிறேன்."

மறுநாள் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, அணையின் காலடி நெடுக வெறுங்காலோடு நடந்தாள். அது அவள் வேலை செய்கிற முறை. கண் ஏமாறும், பாதம் ஏமாறாது என்பாள். பெஞ்சுகளைத் தாண்டிக் கல்வாழைப் பக்கம் போனதும் நின்றாள். இரண்டு அடி பின்னால் வந்தாள். மறுபடி முன்னால் போனாள்.

"இங்கே எவ்வளவு தண்ணி விடுறீங்க?"

"வஞ்சனையே இல்ல மேடம். காலையில குழாயைத் திறந்தா வெயில் ஏறுற வரைக்கும்" என்றார் மருந்துக்கடைக்காரர் பெருமையாக.

"அதான் பிரச்சினை. கீழே சொதசொதன்னு இருக்கு. இது உங்க குழாய்த் தண்ணியா, அணைக்குள்ளேருந்து வர்ற தண்ணியான்னு எனக்குத் தெரியல. யாருக்குமே தெரிஞ்சிருக்காது. வருஷக்கணக்கா இதுமேல நீங்க தண்ணி ஊத்தி மறைச்சு வச்சிருக்கீங்க."

மறைத்து வைத்திருக்கிறார்கள் என்ற சொல்லைக் கேட்டதும் சங்கம் மொத்தமும் ஒரே குரலில் பேச ஆரம்பித்தது. யார் என்ன சொன்னார்கள் என்று பிரித்துச் சொல்ல அந்த அணையாலும் முடியாது.

விஷயம் விளையாட்டில்லை என்பதை அன்று சாயங்காலம் எனக்குச் சொன்னாள். மழைக்காலம் நெருங்கிக்கொண்டிருந்தது. ஏரி ஏற்கெனவே முக்காலுக்கு மேல் நிரம்பியிருந்தது. அணைக்குள்ளிருந்து தண்ணீர் வருகிறது என்றால் மழைக்கு முன்னால் ஏரியைக் குறைத்து, அந்த இடத்தைத் தோண்டிச் சரி செய்தாக வேண்டும்.

"அப்போ இப்பவே தோண்டிப் பாரேன்?"

"ஐயோ அண்ணி, நிறைஞ்ச அணையோட காலடியைத் தோண்டவே கூடாது. படுத்திருக்கிற யானையோட வாலை வெட்டிப் பார்க்கிற மாதிரி. முதல்ல தண்ணியை இறக்கணும். அது ஊர் குடிக்கிற தண்ணி. செடி பச்சையா இருக்கு, அதனால ஏரியைத் திறந்து விடுங்கன்னு சொன்னா எங்க ஆபீஸ் பெரியவர் என்னைப் பார்த்துச் சிரிப்பார். அது குழாய்த் தண்ணி இல்லன்னு நான் காட்டணும்."

"காட்ட முடியாம மழை வந்துட்டா?"

சமையலறைச் சுவரில் கையை வைத்தாள். எங்கள் சுவருக்கு ஒன்றுமில்லை, அவளுக்குத்தான் பிடிமானம் தேவைப்பட்டது.

காட்டுவதற்கு ஒரே வழி, தோட்டத்துக்குத் தண்ணீரை நிறுத்துவது. வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. தண்ணீர் விடாவிட்டால் கல்வாழை வாட வேண்டும். வாடவில்லை என்றால் அதற்கு வேறு எவரோ தண்ணீர் ஊற்றுகிறார்கள் என்று அர்த்தம், அந்த வேறு எவரோ அணைதான். சங்கம் முணுமுணுத்துக்கொண்டே ஒப்புக்கொண்டது. தோட்டத்துக் குழாய்க்குப் பூட்டுப் போட்டார்கள். இரண்டு கட்சிக்கும் பொது ஆள் என்று சாவியை என்னிடம் கொடுத்தார்கள். நான் அதைச் சர்க்கரை டப்பாவுக்குள் போட்டு வைத்தேன்.

அண்ணன் தங்கையோடு பேசுவதை நிறுத்திவிட்டார். அவள் வந்தால் செய்தித்தாளை விரித்து முகத்தை மூடிக்கொள்வார். சில நேரம் தாள் தலைகீழாக இருக்கும்.

அதே நாட்களில் அவருக்கு ஒரு விநோத நோய் வந்தது. காலையில் பெரிய தண்ணீர் பாட்டிலை நிரப்பி எடுத்துக்கொண்டு நடக்கப் போவார். காலிப் பாட்டிலோடு திரும்பி வருவார். வந்ததும் பானையோடு கவிழ்த்துக் குடிப்பார். அவ்வளவு தண்ணீர் குடித்தும் தாகம் அடங்காத மனுஷனா என்று நான் பயந்துபோனேன். சர்க்கரை வியாதியின் அறிகுறி என்று எங்கோ படித்திருந்தேன். மருந்துக்கடைக்காரரிடம் போய், "எங்க வீட்டுக்காரருக்கு ரொம்ப தாகம். பாட்டில் பாட்டிலாக் குடிக்கிறார். ரத்தம் பார்க்கணுமோ?" என்று கேட்டேன். "அப்படியா? பாட்டில் பாட்டிலாவா?" என்று அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். மருந்து எதுவும் தரவில்லை. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

கல்வாழை வாடவில்லை. சரிவிலே புல் காய்ந்து சணல் நிறமாகிவிட்டது. தெரு மரங்கள் இலையைச் சுருட்டிக்கொண்டன. கல்வாழை மட்டும் கல்யாண வீட்டு மாமன் மாதிரிக் கொழுகொழுவென்று சிரித்துக்கொண்டு நின்றது. என் நாத்தனார் மேலதிகாரியை நேரில் வரச் சொன்னாள். தூரத்தில் ஏரிக்கு மேலே மேகம் கறுத்துக் கூடத் தொடங்கியிருந்தது.

அவர் வந்த அன்று தெருவே தோட்டத்தில் கூடியது. அவள் விளக்கிச் சொன்னாள், அவர் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். அந்த நேரத்தில் மருந்துக்கடைக்காரர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார். கையில் ஒரு பாட்டில் மூடி. எங்கள் வீட்டு மூடி. நீல நிறம், ஓரத்தில் நான் கடித்த தடம்கூட இருந்தது.

"ஐயா, இந்தச் சோதனை செல்லாது. யாரோ திருட்டுத்தனமாத் தண்ணி ஊத்தியிருக்காங்க. செடிக்குள்ள கிடந்தது இது. எங்க தலைவருக்குத் திடீர்னு தாகம் ஜாஸ்தியாம், அவங்க வீட்டம்மாவே சொன்னாங்க. வெளியே தங்கச்சிகூடச் சண்டை, உள்ளே தங்கச்சி ஜெயிக்கறதுக்காகத் தண்ணி. நல்லா இருக்கு நாடகம்!"

எல்லார் கண்ணும் என் வீட்டுக்காரர் மேல். என் கண் தரைமேல்.

மேலதிகாரி கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்தார். "அப்படின்னா மறுபடி முதல்லேருந்து ஆரம்பிக்கணுமேம்மா. ஏரியை இறக்கச் சொல்லி இதை வச்சு நான் எப்படிக் கையெழுத்துப் போடுறது?" மறுபடி ஆரம்பிக்க மேகம் விடாது என்று அங்கே இருந்த எல்லாருக்கும் தெரியும்.

என் நாத்தனார் அண்ணனைப் பார்த்தாள். "அண்ணா, ஊத்தினியா?"

அந்த மனிதருக்கு அப்போது இரண்டு சுலபமான வழிகள் இருந்தன. இல்லை என்று சாதித்திருக்கலாம், மூடியில் பெயரா எழுதியிருக்கிறது? ஊற்றினேன் என்று ஒற்றை வார்த்தை சொல்லிவிட்டுப் பேசாமல் இருந்திருக்கலாம். தோட்டம் பிழைத்திருக்கும், தங்கை மூக்கறுபட்டு ஊரை விட்டுப் போயிருப்பாள், அவர் வாய்விட்டுக் கத்தியதெல்லாம் சரி என்று ஆகியிருக்கும்.

"ஊத்தினேன்" என்றார்.

கூட்டத்தில் 'ஹோ' என்று ஒரு சத்தம். அவள் முகம் சுண்ணாம்பாகிவிட்டது. மருந்துக்கடைக்காரர் கையைக் கட்டிக்கொண்டார்.

"எதுக்கு ஊத்தினேன்னு ஒருத்தராவது கேளுங்கய்யா!" என்று பணிமனைக் குரலில் ஓர் அதட்டல். பக்கத்திலிருந்த குழந்தை அழ ஆரம்பித்தது. "ரோஜாவுக்கு! மனசு கேக்கல. பெத்த பிள்ளை மாதிரி வளர்த்தது, தாகத்துல தலையைத் தொங்கப் போட்டா சும்மா பார்த்துக்கிட்டா போறது? தினமும் ஒரு பாட்டில். ஒண்ணைக்கூட கல்வாழைக்கு நான் ஊத்தல, பாட்டிலுக்கு அவ்வளவு தண்ணி பிடிக்காது. வாங்க. எல்லாரும் வாங்க. வந்து ரோஜாவைப் பாருங்க."

பெஞ்சருகே இழுத்துக்கொண்டு போனார். ரோஜாச் செடிகள் குச்சி குச்சியாக நின்றன. தொட்டால் இலை பொடிந்தது.

"தண்ணி ஊத்தின செடி செத்துப்போச்சு. ஊத்தாத செடி கொழுத்து நிக்குது. இதுக்கு மேல என்னய்யா சோதனை வேணும் உங்களுக்கு? எங்க கைராசியாம், கைராசி! இத்தனை வருஷமா அந்த அணைதான் ஊத்திக்கிட்டு இருந்திருக்கு. நாங்க மீசையைத் தடவிக்கிட்டு இருந்திருக்கோம்."

சொல்லி முடித்ததும் சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். வெயில் என்றார். மேகம் மூடியிருந்தது.

மேலதிகாரி கல்வாழைக்குப் போனார். தடியான மனிதர், மெதுவாகக் குந்தி உட்கார்ந்து, செடியின் அடியில் கட்டைவிரலை அழுத்தினார். பள்ளத்தில் தண்ணீர் ஊறி நிறைந்தது. "ஏதாவது கண்ணாடி டம்ளர்ல எடுத்துக் காட்டுங்கம்மா" என்றார். மருந்துக்கடைக்காரர்தான் ஓடினார், கடையிலிருந்து மருந்து அளக்கிற கண்ணாடிக் குவளையோடு திரும்பி வந்தார். அதற்காக அவரை மன்னித்துவிட்டேன்.

என் நாத்தனார் குவளையில் தண்ணீரை மொண்டு வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். மோர் மாதிரிக் கலங்கியிருந்தது.

"எல்லா மண் அணையும் கொஞ்சம் கசியும். தெளிவா வந்தா பயமில்ல" என்றாள் கூட்டத்தைப் பார்த்து. "கலங்கி வந்தா, தண்ணி கூடவே மண்ணைத் தூக்கிட்டு வருதுன்னு அர்த்தம். அந்த மண் யாரோடது?"

எல்லாரும் தலையைத் திருப்பி அணையைப் பார்த்தார்கள். தினமும் பார்க்கிற அணைதான். அன்றைக்குத்தான் அதை நாங்கள் பார்த்தோம்.

அங்கேயே, அந்தக் காய்ந்த ரோஜாவுக்குப் பக்கத்திலேயே, மேலதிகாரி ஏரியை இறக்க உத்தரவு சொன்னார். மதகு திறந்தது. தண்ணீர் பழைய ஆற்றுப் பாதையில் அடக்கமாக இறங்கிப் போனது. தோண்டுவதற்கு ஆட்கள் வந்தபோது கல்வாழையில் கைவைக்க யாருக்கும் துணிவில்லை. முதல் கிழங்கை என் வீட்டுக்காரரே பிடுங்கினார். அதற்கு அடியில், அணை கட்டிய காலத்தில் போட்டு அப்படியே மறந்துபோன மண் குழாய் ஒன்று நொறுங்கிக் கிடந்தது. அதன் வெளிப்புறத்தை ஒட்டித் தண்ணீர் தனக்கு ஒரு சந்து செய்துகொண்டிருந்தது. கையை விட்டால் முழங்கை வரை போயிற்று. என்னைக் கேட்டால் தோள் வரை என்பேன்.

குழாயை எடுத்து, ஓட்டையை இறுக்கி அடைத்து, மணலும் சரளையும் அடுக்கடுக்காகப் பரப்பி, மண்ணைப் பிடித்து வைத்துக்கொண்டு தண்ணீரை மட்டும் வெளியே விடுகிற வடிகால் ஒன்று போட்டாள். முழங்கால் வரை சேறு, தலையில் கோணலாக ஒரு தொப்பி, வேலையாட்களுக்கு நடுவே நின்று அவள் கத்தியது எங்கள் சமையலறைக்குக் கேட்டது. அப்படியே அண்ணனின் குரல். அந்தக் குரலை அவர் ஜன்னலோரம் நின்று, பாட்டுக் கேட்பதுபோல் கேட்டுக்கொண்டிருந்தார்.

"எப்படி அதட்டுறா பாரு! பணிமனையில இருந்திருந்தா ஒரு வண்டி லேட்டாப் போயிருக்குமா?"

மழை வந்தது. அந்த வருஷத்து மழையைப் பற்றி நான் சொன்னால் நம்ப மாட்டீர்கள், ஏரியில் மீன்கள்கூடக் குடை கேட்டன. ஏரி விளிம்பு வரை நிரம்பியது. பகல் பூராவும் தெரு ஜனங்கள் குடையைப் பிடித்துக்கொண்டு வடிகாலின் வாய்க்கு முன்னால் கும்பலாக நின்றார்கள். விரல் பருமனில் தண்ணீர் வந்தது. அதே மருந்துக் குவளையில் அவள் பிடித்தாள். அண்ணன் அதைப் பிடுங்கி வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். குவளைக்குப் பின்னால் இருந்த மருந்துக்கடைக்காரரின் மூக்கு துல்லியமாகத் தெரிந்தது.

"தெளிவா இருக்கு!" என்று அண்ணன் கத்தினார். குடைகள் எல்லாம் ஆடின. அவள் அண்ணன் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். இரண்டு பேருக்கும் ஒரே குடைதான், இரண்டு பேருமே நனைந்தார்கள்.

வாசலில் பலகை அப்படியே இருக்கிறது. ஆபத்து வகை: அதிகம். அதற்குக் கீழே புதிதாக ஒரு வரி. அணையின் நிலை: நன்று. புதிதாகக் குடிவருகிறவர்கள் அதைப் பார்த்து மிரண்டு நிற்பார்கள். என் வீட்டுக்காரர் அவர்களுக்காகவே காத்திருப்பார்.

"அதிகம்னு போட்டிருக்கே சார், பயமில்லையா?"

"அதிகம்தான் இருக்கும். கீழே நாங்க இருக்கோம்ல? நாங்க என்ன குறைஞ்ச ஆளுங்களா?" என்று கேட்டுவிட்டு, கீழ் வரியைத் தட்டிக் காட்டுவார். "இதைப் படிங்க. அதைப் போட்டது என் தங்கச்சி." பிறகு அவர்களை வடிகாலுக்கு அழைத்துக்கொண்டு போய், சட்டைப் பையிலிருந்து குவளையை எடுத்துத் தண்ணீர் பிடித்து, வெளிச்சத்தில் காட்டாமல் விட மாட்டார். காலியிடத்தில் மறுபடி செடி வைக்கலாமா என்று யாராவது கேட்டால் போதும், அணையின் காலடி ஏன் வெட்டவெளியாக இருக்க வேண்டும் என்று பாடம் எடுத்து அனுப்புவார்.

பிடுங்கிய கிழங்கில் ஒன்றே ஒன்றை மட்டும் எனக்குத் தெரியாமல் மொட்டைமாடிக்குக் கொண்டுபோய்த் தொட்டியில் வைத்திருக்கிறார். போன வாரம் என் நாத்தனார் வந்தாள். வழக்கம்போல உள்ளங்கையைக் கூடத்துச் சுவரில் வைத்தாள். கண்ணை மூடினாள். திறந்தாள். விட்டத்தைப் பார்த்தாள்.

"அண்ணி, மாடியில யாரு இவ்வளவு தண்ணி ஊத்துறது?"

செய்தித்தாள் சடாரென்று விரிந்தது. தலைகீழாக.